விலை இறங்கிய வாகனமும் இறங்காத செலவும்

 

துபாயிலும் ஷார்ஜாவிலும் பணிபுரியும் நம் இளைஞர்களிடையே ஒரு பேச்சு அடிக்கடி நம் செவிக்கு எட்டுகிறது. "புதிதாக வாங்கினால் லட்சக்கணக்கில் திர்ஹம் வேண்டும். பதினைந்து ஆண்டு ஓடிய ஸ்போர்ட்ஸ் கார் என்றால் சாதாரணக் காரின் விலைக்கே கிடைத்துவிடும்" என்பதே அப்பேச்சு. இதைச் சிக்கனம் என்று சிலர் கருதுகின்றனர். இது சிக்கனமே அன்று என்பது நம் வாதம்.

வாகனத்தின் விலை ஆண்டுதோறும் இறங்கும். அதன் பழுதுச் செலவு இறங்குவதில்லை. வாகனம் பழையதாக இருக்கலாம். அதற்கென வாங்கும் கிளட்ச், பிரேக் டிஸ்க், டயர் ஆகியவை புதியவை. அவற்றின் விலை, அந்த வாகனத்தைப் புதிதாக வாங்கும் வசதி படைத்தவரை மனத்தில் வைத்து நிர்ணயிக்கப்பட்டது. ஆக, பத்தில் ஒரு பங்கு விலைக்கு வாங்கியவரும் பராமரிப்புக்கு முழு விலைக்காரரின் செலவையே செய்தாக வேண்டும்.

சான்றாக, 1990-களின் இறுதியிலிருந்து 2000-களின் நடுப்பகுதி வரை வந்த போர்ஷே பாக்ஸ்டரையும் அக்காலத்து 911-ஐயும் எடுத்துக்கொள்வோம். அவற்றின் எஞ்சினுக்குள் இடைத்தண்டைத் தாங்கும் பேரிங் ஒன்று உண்டு. சிறு பங்கு வண்டிகளிலேயே அது பழுதாகிறது. ஆனால் உடைந்துவிட்டால் உலோகத் துகள்கள் ஆயிலில் கலந்து, வால்வுகளின் ஒழுங்கு குலைந்து, எஞ்சினே பாழாகிறது. அமெரிக்காவில் இதன் பொருட்டு உரிமையாளர்கள் கூட்டாக வழக்குத் தொடுத்ததும் உண்டு. கியர்பாக்ஸைக் கழற்றினால்தான் அந்தப் பேரிங்கை எட்ட முடியும். ஆகவே விவரமறிந்தவர்கள் கிளட்ச் மாற்றும்போதே அதையும் மாற்றிவிடுகின்றனர்.

மாஸ்டா ஆர்எக்ஸ்-8 இன்னொரு சான்று. அதன் எஞ்சினில் பிஸ்டன் இல்லை. முக்கோண வடிவச் சுழலிகளே உள்ளன. அவற்றின் முனைகளிலுள்ள சீல்கள் தேய்ந்தால் அழுத்தம் குறையும்; சூடான எஞ்சினை அணைத்துவிட்டு மீண்டும் இயக்கினால் எளிதில் கிளம்பாது. அந்த அழுத்தத்தைச் சரியாக அளக்க அவ்வகை எஞ்சினுக்கென்றே கருவி வேண்டும். விற்பவர் எஞ்சினைச் சூடாக்காமலேயே வண்டியைக் காட்டினால், வாங்குபவர் எதை அறிவார்?

"வருடாந்திரப் பாசிங் ஆகிவிட்டதே" என்பர் சிலர். பாசிங் என்பது பிரேக், டயர், விளக்கு போன்ற பாதுகாப்பு அம்சங்களைப் பார்ப்பது. எஞ்சினைப் பிரித்து அதன் ஆயுளைச் சொல்வது அதன் வேலையன்று. "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்பர் வேறு சிலர். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். கட்டாமல் விட்டுவிட்டு அதற்குத் தவக்குல் என்று பெயர் சூட்டுவது தகுமா?

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர், தங்கையின் நிக்காஹுக்கென்று ஐந்தாண்டுகள் சேர்த்ததிலிருந்து எடுத்து இத்தகைய வண்டி ஒன்றை வாங்கினார். நான்காம் மாதம் எஞ்சின் நின்றது. கராஜில் சொன்ன தொகை வண்டியின் விலையைத் தாண்டியது. கிரெடிட் கார்டில் செலுத்தினார், வட்டி தொடர்ந்தது. நிக்காஹ் ஓராண்டு தள்ளிப்போனது. ஊரிலிருந்த உம்மா எவரிடமும் காரணம் சொல்லவில்லை. ஆசைப்பட்டவர் ஒருவர், செலவைச் சுமந்ததோ ஒரு குடும்பம்.

விற்பவர்க்கும் ஒரு சொல். தெரிந்த குறையை மறைத்து விற்பது ஹராம். இதில் மத்ஹபுகளிடையே பேதமில்லை. "இருப்பது இருந்தபடியே, பின்னர் எதையும் கேட்கக் கூடாது" என்று எழுதி வாங்கிக்கொண்டால் பொறுப்பு நீங்கிவிடும் என எண்ணுகின்றனர். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி, அத்தகைய நிபந்தனை பிராணிகளின் உள்ளே மறைந்து, விற்பவரே அறியாதிருந்த குறைக்கு மட்டுமே செல்லும். வாகனம் பிராணியன்று. ஹனஃபி மத்ஹபில் நிபந்தனை செல்லும் என்றாலும், அறிந்தே மறைத்தவரின் பாவம் அதனால் அழிவதில்லை.

இனி வாங்க நினைப்பவர் செய்ய வேண்டியவை. அந்த வகை வண்டியையே பழுதுபார்க்கும் கராஜ் ஒன்றில், விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக்கிடம், விலை பேசி முடிக்கும் முன்பே காட்டுங்கள். ஆயில் பில்டரைப் பிரித்து உலோகத் துகள் உண்டா எனப் பார்க்கச் சொல்லுங்கள். சர்வீஸ் ரசீதுகளைக் கேளுங்கள். வளைகுடாவின் வெப்பத்தில் ரப்பர் குழாய்களும் குளிரூட்டும் பாகங்களும் விரைவில் நலிவதால் அவற்றையும் சோதியுங்கள். சோதனைக் கூலியை மிச்சப்படுத்துபவர், எஞ்சினைக் கொண்டு அதைச் செலுத்த நேரலாம்.

இறுதியாக, ஒரே ஒரு கேள்வியைத் தம்மிடமே கேட்கட்டும்: "இந்த வண்டிக்கு வரக்கூடிய மிகப் பெரிய பழுது நாளைக் காலையே வந்தால், கடனும் வட்டியுமின்றி, வீட்டுக்கு அனுப்பும் பணத்தில் கை வைக்காமல் என்னால் தாங்க முடியுமா?" முடியும் என்றால் வாங்குங்கள், அழகிய வாகனத்தை விரும்புவது குற்றமன்று. முடியாது என்றால், சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள். விலைக்கு மட்டும் பணம் வைத்திருப்பவர் அந்த வாகனத்துக்கு இன்னும் சொந்தக்காரராகவில்லை.

பெற்றோர்களே! மகன் அனுப்பும் புகைப்படத்தைக் கண்டு மகிழுமுன் இக்கேள்வியை நீங்களும் கேளுங்கள். ஹலாலான உழைப்பின் பயனை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் பரக்கத்தாக்கித் தருவானாக! ஆமீன்.