சித்திரகுப்தன் கணக்கும் நம் வீட்டுக் கணக்கும்

சித்திரை மாதத்துப் பௌர்ணமியன்று நமது நாட்டில் சித்திரகுப்தனுக்கு ஏடும் எழுத்தாணியும் வைத்துப் படைக்கின்றார்கள். காஞ்சீபுரத்தில் அவனுக்கென்று ஒரு கோயிலே இருக்கின்றது. மனிதர் செய்யும் பாவ புண்ணியங்களை அணுவளவும் பிசகாமல் எழுதி வைப்பது அவனுடைய உத்தியோகமாம். கண்ணால் காணாத ஒரு கணக்கப்பிள்ளை, இல்லாத ஓர் உலகத்தில் எழுதுவதாகச் சொல்லப்படுகின்ற கணக்குக்கு இவ்வளவு பயப்படுகின்ற நமது ஜனங்கள், தங்கள் வீட்டில் போன மாதம் எவ்வளவு வந்தது, எவ்வளவு போயிற்று, பாக்கி எவ்வளவு என்று கேட்டால் மாத்திரம் வானத்தைப் பார்க்கின்றார்கள். "எல்லாம் தலையெழுத்து" என்கின்றார்கள். தலையில் எழுதியிருப்பதாகச் சொல்லப்படுவதை இதுவரை ஒருவரும் படித்ததில்லை. அடகுக் கடைக்காரர் ரசீதில் எழுதியிருப்பதையோ எழுத்துக் கூட்டத் தெரிந்த எவரும் படிக்கலாம். ஆனால் அதைத்தான் நாம் படிப்பதில்லை.

கணக்கு எழுதாமலிருப்பதற்கு நம்மவர்கள் சொல்லும் சாக்குகள் வேடிக்கையானவை. எண்ணினால் குறைந்து போகுமாம், கண் பட்டுவிடுமாம். நெல் அளக்கும்போது முதல் மரக்காலை "ஒன்று" என்று சொல்லாமல் "லாபம்" என்று சொல்லித் தொடங்குவது நமது பக்கத்தில் வெகுகால வழக்கம். களத்தில் லாபம் என்று கூவி அளந்த நெல்லில் கடன் கொடுத்தவருக்கும் உரக்கடைக்கும் கொடுத்தது போக, வீட்டுக்கு வந்து சேருவது எவ்வளவு என்று வருஷா வருஷம் பார்த்த பிறகும் அந்த வார்த்தையை நாம் விடவில்லை. முஸ்லீம் தோழர்கள் வீட்டில் இதற்கு வேறு பேர். எண்ணிப் பார்த்தால் "பரக்கத்" போய்விடும் என்று பாட்டிமார் சொல்லுவதுண்டு. நாம் எந்த மதத்துக்கும் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனாலும் அவர்களுடைய குர்ஆனில் உள்ள வசனங்களிலெல்லாம் நீளமான வசனம் (2:282) சொர்க்கத்தைப் பற்றியதுமல்ல, நரகத்தைப் பற்றியதுமல்ல. கடன் கொடுத்தால், வாங்கினால், தவணை குறித்துச் சாட்சி வைத்து எழுதிக் கொள்ள வேண்டும் என்பதைப் பற்றியதேயாகும். வேதத்தைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகின்ற தோழர்கள் இந்த ஒரு விஷயத்தையாவது நடத்திக் காட்டினால் யாதொரு நஷ்டமும் வந்துவிடாது.

கூத்தாநல்லூரையே எடுத்துக் கொள்ளுவோம். சபர் போய்ப் பொருள் தேடுவதில் பேர்போன ஊர். பர்மா, மலாயா, சிங்கப்பூர், சைகோன் என்று ஒரு காலம். வளைகுடா நாடுகள் என்று பிற்காலம். ஊருக்குச் "சின்னச் சிங்கப்பூர்" என்ற பேரும் உண்டு. அக்கரையில் கடை வைத்திருந்தவர்கள் நாள்வழி எழுதினார்கள், பேரேடு எழுதினார்கள், வருஷக் கடைசியில் ஐந்தொகை போட்டார்கள். கடையில் ஒரு காசு இடித்தால் அது எங்கே போயிற்று என்று தெரிகிற வரையில் கணக்கப்பிள்ளைக்குத் தூக்கம் கிடையாது. ஆனால் அதே மனிதர் ஊருக்கு வந்தால், கலியாணத்துக்கு எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவு, விருந்துக்கு எவ்வளவு என்பதற்குத் துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. கடைக்குக் கணக்கு, வீட்டுக்குக் கணக்கில்லை. இது என்ன நியாயமென்று கேட்கின்றோம். கடையைப் போலவே வீட்டிலும் வரும் பணத்துக்கு ஓர் அளவுண்டு. கடையில் திவாலானால் ஐ.பி. கொடுத்துவிட்டுப் போகலாம். வீட்டில் திவாலானால் பெண்டு பிள்ளைகள் எங்கே போவார்கள்?

சபராளி வீட்டில் நடக்கின்ற பெரிய தப்பு, பணத்தை வீணாக்குவதுகூட அல்ல. அந்தப் பணம் எப்பொழுதும் வந்துகொண்டேயிருக்கும் என்று நினைத்துக் கொள்வதுதான். 1942ல் ஜப்பான் படை பர்மாவில் நுழைந்தபோது அங்கிருந்த நம்மவர்கள் கடையையும் பேரேட்டையும் போட்டது போட்டபடி விட்டுக் காட்டு வழியாக நடந்து வந்தார்கள். மறுபடியும் போய்ப் பிழைப்பை நிலைநிறுத்தியவர்களை 1964ல் நே வின் சர்க்கார் கடைகளைச் சர்க்கார் வசமாக்கித் திருப்பி அனுப்பிற்று. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைப் பிடித்தபோது ஏறத்தாழ 1,70,000 இந்தியர்களை ஆகாய விமானங்களில் ஏற்றிக் கொண்டுவர வேண்டியிருந்தது. 2020ல் கொரோனா வந்து வேலையை நிறுத்திற்று. இந்த நான்கில் ஒன்றையாவது எந்தப் பஞ்சாங்கமாவது முன்கூட்டிச் சொல்லிற்றா? சொல்லவில்லை. ஆதலால் அக்கரையிலிருந்து வரும் பணத்தில், ஆறு மாதம் ஒன்றும் வராவிட்டாலும் குடும்பம் சாப்பிடத் தக்க தொகையைத் தனியே ஒதுக்கிய பிறகுதான் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்ட வேண்டும். மூன்று மாடி கட்டி முடித்து, கட்டியவர் மறுபடியும் கப்பலேறியும் விமானமேறியும் வட்டி கட்ட உழைப்பதைவிட இரண்டு அறையில் கடனில்லாமல் இருப்பது எவ்வளவோ மேல்.

நிற்க, நிலத்தையும் கூலியையும் நம்பியிருக்கின்ற கிராமத்தாருடைய கதை வேறு. அவர்கள் கணக்கு எழுதாமலிருந்ததற்குச் சோம்பல் காரணமல்ல. எழுத்தே அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. தஞ்சை ஜில்லாவில் பண்ணையாள் என்பவன் எப்படி உண்டானான்? கலியாணத்துக்கு மிராசுதாரிடம் நெல்லோ பணமோ கடன் வாங்கினான். அது மிராசுதாருடைய ஏட்டில் ஏறிற்று. அதைப் படிக்க அவனுக்குத் தெரியாது. கழிந்தது எவ்வளவு, நின்றது எவ்வளவு என்று கேட்க வாயும் கிடையாது. அந்தக் கடனுக்காக அவனும், அவனுக்குப் பின் அவன் பிள்ளையும் அதே பண்ணையில் உழைத்தார்கள். விவசாயத் தொழிலாளர்கள் சங்கம் கட்டிப் போராடிய பிறகு 1952ல்தான் பண்ணையாள் பாதுகாப்புக்கென்று ஒரு சட்டமே வந்தது. அதற்கு வெகு காலத்துக்கு முன்னாலேயே, சிலேட்டர் என்ற சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் தமது மாணாக்கர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி விசாரித்து 1918ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் நமது தஞ்சை ஜில்லாப் பாலக்குறிச்சியும் ஒன்று. பண்ணைக்காரரும் எழுதினார், பேராசிரியரும் எழுதினார். எழுதாதவன் அந்த வீட்டுக்காரன் ஒருவனேயாவான்.

இனி, சிக்கனம் என்றவுடன் நமது பெரிய மனிதர்கள் ஏழைக்குச் செய்யும் உபதேசத்தைப் பார்ப்போம். டீயை நிறுத்து, வெற்றிலை பாக்கை நிறுத்து என்கின்றார்கள். ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். டீ 15 ரூபாய். நாளைக்கு மூன்று டீ 45 ரூபாய். அதே மனிதன் மகள் கலியாணத்துக்கு மூன்று லட்ச ரூபாய் மூன்று வட்டிக்கு வாங்கியிருக்கிறான் என்று வைத்துக் கொள்ளுவோம். மூன்று வட்டியென்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், வருஷத்துக்கு முப்பத்தாறு. மாத வட்டி மாத்திரம் 9,000 ரூபாய். அதாவது நாளைக்கு 300 ரூபாய். மூன்று வருஷம் முடிவதற்குள் முதலுக்குச் சமமான தொகை வட்டியாகப் போய்விடும், முதல் அப்படியே நிற்கும். இந்தக் கடனை அடைக்கும் வரையில் டீயை நிறுத்தி என்ன, குடித்து என்ன? ஏழையைக் கெடுப்பது தினப்படிச் செலவல்ல. வருஷத்தில் நாலு நாள், ஊருக்காகவும் சாமிக்காகவும் செய்கின்ற செலவுதான். காது குத்து, மஞ்சள் நீராட்டு, கலியாணம், கருமாதி, இவற்றைக் கணக்கில் எழுதினாலொழிய அவற்றின் கனம் தெரியாது.

தங்கம் வாங்குவதற்கு அட்சய திருதியை என்று ஒரு நாளை வைத்திருக்கின்றார்கள். அன்று வாங்கினால் வளருமாம். வளருவது நகைக் கடை. ஆடியில் நாற்று விட, உழ, உரம் போடப் பணமில்லாமல் அதே நகை அடகுக்குப் போகின்றது. தையில் அறுத்து மாசியில் மீட்டு மறுபடியும் ஆடியில் வைக்கின்றோம். இந்தப் போக்குவரத்தில் எத்தனை கிராம் வட்டியாகக் கரைந்தது என்று எந்த அட்சய பாத்திரமும் சொல்லாது. அடகு ரசீதுகளை ஒரு கம்பியில் கோத்து வைத்துக் கூட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நமது இயக்கத்தாருக்கும் ஒரு வார்த்தை. புரோகிதரும் சடங்கும் இல்லாத சுயமரியாதைத் திருமணம் 1967ல் அண்ணா மந்திரி சபையால் சட்டமாக்கப்பட்டது. புரோகிதருக்குக் கொடுத்து வந்த தட்சிணை மிச்சமாயிற்று என்பது உண்மைதான். ஆனால் அந்த மிச்சம் இன்று பந்தலுக்கும், பேனருக்கும், ஆயிரம் இலைக்கும் போகின்றது. மந்திரத்தை விட்டுவிட்டு மண்டபத்தைப் பிடித்துக் கொண்டால், கடன் கொடுக்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதானே?

பெண்கள் விஷயத்தில் நமக்கு நம்பிக்கை இருக்கின்றது. 1989ல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கின்றன. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் என்று இகழப்பட்ட பெண்கள் குழுவின் தீர்மானப் புத்தகத்தையும் ரொக்கப் புத்தகத்தையும் பிசகின்றி எழுதுகின்றார்கள். ஆனால் இவர்களிலும் பலர், அக்கரைக் கடைக்காரரைப் போலவே, குழுவுக்கு எழுதுகின்ற கணக்கை வீட்டுக்கு எழுதுவதில்லை. இந்தச் சந்தில்தான் மைக்ரோ பைனான்ஸ் கம்பெனிகள் நுழைகின்றன. ஒரு கம்பெனித் தவணைக்கு இன்னொரு கம்பெனியில் வாங்கி, அதற்குத் தண்டல்காரரிடம் வாங்குவது வரையில் போகின்றது. தண்டலில் 10,000 என்று பேர். கையில் கொடுப்பது 8,500, தினம் நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். தினம் குறைந்து வருவதால் சராசரியில் பாதிப் பணம்தான் நம் கையில் நிற்கின்றது. அதற்கு நூறு நாளில் 1,500 வட்டியென்றால் வருஷத்துக்கு நூற்றுக்கு நூறையும் தாண்டிய வட்டி. இதை ஆட்டுக்கல்லில் அரைத்தெடுக்கிற மாதிரி தினம் நூறாக எடுப்பதால் தெரிவதில்லை.

ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் முதல் ஒரு விதி வைத்திருக்கின்றது. வருஷ வரும்படி 3 லட்சத்துக்கு மேற்படாத குடும்பம் எல்லாக் கடன்களுக்குமாகச் சேர்த்து மாதம் கட்டுகின்ற தொகை, மாத வரும்படியில் பாதிக்கு மேல் போகும்படி மைக்ரோ பைனான்ஸ் கடன் கொடுக்கக் கூடாது. விதி நல்லதுதான். ஆனால் அந்த வரும்படியைப் பாரத்தில் எழுதுகிறவர் யார்? கடன் கொடுக்க வந்த ஏஜெண்டு. வீட்டில் நோட்டு இருந்தால் "எங்கள் வரும்படி இவ்வளவு, ஏற்கெனவே கட்டுவது இவ்வளவு" என்று அந்த அம்மாளே சொல்லலாம். கந்துவட்டியைத் தடுக்க 2003ல் ஒரு சட்டம் செய்யப்பட்டது. அது இருக்கும்போதே 2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு கூலித் தொழிலாளி கந்துவட்டிக் கொடுமைக்காக மனைவி மக்களோடு தீக்கு இரையானார். சட்டத்தின் உதவியைத் தேடிப் போகிறவரிடம் முதலில் கேட்கப்படுவது, எவ்வளவு வாங்கினாய், எவ்வளவு கட்டினாய் என்பதுதான். அதற்கு எழுத்து வேண்டாமா?

எப்படி எழுதுவது என்பது பெரிய வித்தையல்ல. பள்ளிக்கூடத்து நோட்டு ஒன்று போதும். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு, கடைசி ஏட்டில் கடன்: யாரிடம், என்றைக்கு, எவ்வளவு, என்ன வட்டி, கட்டியது எவ்வளவு. டவுனில் சம்பளக்காரர்கள் மாதக் கணக்குப் போடுகின்றார்கள். நெல்லை நம்பியவனுக்கு அது பொருந்தாது. அவனுக்கு வருஷக் கணக்குதான் கணக்கு. மேட்டூர் அணையை ஜூன் 12ல் திறந்து, தண்ணீர் வந்து, குறுவையும் விளைந்தால் ஐப்பசியில் ஒரு பணம், மாசியில் ஒரு பணம். ஒருபோகச் சம்பா மட்டுமானால் மாசிப் பணந்தான் மறு மாசி வரையில். ஆகவே கொள்முதல் நிலையத்துப் பணம் பாங்கியில் ஏறிய அன்றே, அடுத்த சாகுபடிக்கு வேண்டியதை முதலில் எடுத்து வைத்து, மீதியை அடுத்த பணம் வரும் வரையில் எத்தனை மாதமோ அத்தனையால் வகுத்துவிட வேண்டும். ஒரு மாதப் பங்கு எவ்வளவு சிறியது என்று பார்க்கும்போது கொஞ்சம் நெஞ்சு அடைக்கும். மாசியில் அடைப்பது ஆடியில் அடைப்பதைவிடச் சுகம். நோட்டை வீட்டு அம்மாள் எழுதட்டும். ஆண்பிள்ளை தன் டீக்கடைச் செலவையும் சாராயக்கடைச் செலவையும் அவரிடம் வாயால் சொல்லி எழுத வைக்கட்டும். பாதிச் செலவு சொல்லக் கூச்சப்பட்டே குறைந்துவிடும்.

"வயிற்றுக்கே போதாத கூலியில் கணக்கு என்ன வேண்டிக் கிடக்கின்றது?" என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இல்லாத பணத்தை நோட்டு உண்டாக்காது. கூலியைக் குறைவாகக் கொடுத்துவிட்டுச் சிக்கனம் போதிக்கிறவர்களை நாம் ஒரு நாளும் ஆதரிப்பதில்லை. ஆனால் கூலி போதவில்லை என்பதைக் காட்டுவதற்கும் கணக்குதான் வேண்டியிருக்கின்றது. 1957ல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்சக் கூலி எவ்வளவு என்று தீர்மானிக்க ஒரு தொழிலாளி வீட்டு வரவு செலவைத்தான் அளவுகோலாக எடுத்தது. சம்பாதிக்கிற ஒருவனுக்கு மூன்று பேருக்கான சாப்பாடு, ஆளுக்கு 2,700 கலோரி, குடும்பத்துக்கு வருஷம் 72 கஜம் துணி, வீட்டு வாடகை, விறகு விளக்குச் சில்லறைச் செலவு என்று ஒவ்வொன்றாக எழுதித்தான் அந்தக் கூலியை அளந்தார்கள். கூலி உயர்வு கேட்டுப் போகின்ற சங்கத்தார் பத்து வீட்டு நோட்டுகளைக் கையில் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தால், எதிரில் உட்கார்ந்திருப்பவர் முதலில் அதைத்தான் வாங்கிப் புரட்டுவார்.