மரபு நடை வாய்க்காலோடு நிற்கக் கூடாது
புதுச்சேரியின் தமிழர் பகுதி குறித்த எங்கள் நிலைப்பாடு

புதுச்சேரியின் பழைய நகரைப் பார்க்க வருபவர்கள் பலர் கடற்கரைச் சாலையிலும் துய்மா வீதியிலும் மஞ்சள் சுவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே உள்ள தமிழர் பகுதியும் அதே நகரம்தான். மரபு நடைகள் அங்கும் செல்ல வேண்டும். ஆனால், அதனால் வரும் பயன் அங்கே குடியிருப்பவர்களுக்கு முதலில் கிடைக்க வேண்டும். இதுவே எங்கள் அமைப்பின் நிலைப்பாடு.

1761-ல் ஆங்கிலேயர் நகரைத் தரைமட்டமாக்கிய பிறகு, பழைய வீதி அமைப்பின்மேலேயே புதுச்சேரி மீண்டும் எழுந்தது. அந்த அழிவுக்கு முந்தைய காலத்தை அன்றாடம் எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை வாய்க்காலுக்கு மேற்கேதான் இருக்கிறது. 1908 முதல் பத்தாண்டுகள் புதுவையில் வாழ்ந்த பாரதியாரின் நினைவு இல்லம் ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் உள்ளது. பாரதிதாசன் வாழ்ந்த வீடு பெருமாள் கோயில் வீதியில் உள்ளது. தெற்கே முல்லா வீதி, காஜியார் வீதிப் பக்கம் இஸ்லாமியக் குடும்பங்களின் பழைய வீடுகளைக் காணலாம்.

இங்குள்ள வீடு தெருவோடு பேசும் வீடு. மரத்தூண் தாங்கிய ஓட்டுத் தாழ்வாரம் வழிப்போக்கருக்கு நிழல் தரும். அதற்கு உள்ளே, வந்தவர் உட்காரத் திண்ணை; செதுக்கு வேலைப்பாடுள்ள கதவைத் தாண்டினால் வானம் தெரியும் முற்றம். கீழ்த்தளம் இப்படி முழுத் தமிழ் வீடாக இருக்க, பல வீடுகளின் மாடியில் பிரெஞ்சுப் பாணி வளைவுச் சன்னல்களும் சுவரோடு ஒட்டிய தூண்களும் உண்டு. இரண்டும் ஒரே வீட்டில் கலந்த இந்தக் கட்டுமானமே புதுச்சேரியின் தனித்தன்மை.

வைசியாள் வீதியில், வரிசையாக உள்ள வீடுகளின் முகப்புகளைத் தனியாரும் அரசும் மரபுப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக்கும் சேர்ந்து சீரமைத்தார்கள். 2008-ல் அப்பணிக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. ஒரு தெருவையே மீட்க முடியும் என்பதற்கு அது சான்று. பராமரிப்பு தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு: 2014-ல் மழைக்காலத்தில் இடிந்து விழுந்த மேரி எனும் பழைய நகராட்சிக் கட்டடம். அரசுக் கட்டடம் என்பதால் அதை மீண்டும் கட்ட முடிந்தது. தனியார் வீடு விழுந்தால் அந்த இடத்தில் அடுக்குமாடிதான் எழும்.

வீட்டுக்காரர்களைக் குறை சொல்வதை நாங்கள் ஏற்கவில்லை. பாகப்பிரிவினை, பழுதுச் செலவு, கொத்தனார் கிடைக்காத நிலை எல்லாம் உண்மை. சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசினால் ஓதம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து விழும். இதைத் தெரிந்தும், சுண்ணாம்பு வேலை செய்ய ஆளில்லாமல் சிமெண்டுக்குப் போகிறவர்கள் பலர்.

எனவே நாங்கள் கோருவது:

1. குடியிருக்கும் பழைய வீடுகளின் பழுதுக்கு மானியமும் குறைந்த வட்டிக் கடனும் தர வேண்டும்.

2. சுண்ணாம்புப் பூச்சு, தேக்கு உத்திரத்தின்மேல் செங்கல் அடுக்கும் மெட்ராஸ் டெரஸ் கூரை ஆகிய வேலைகளில் இளைஞர்களுக்குக் கூலியோடு பயிற்சி தர வேண்டும்.

3. எந்தப் பழைய வீட்டுக்கும் இடிப்பு அனுமதி தருமுன் மரபுக் கட்டட வல்லுநர் நேரில் பார்க்க வேண்டும்.

4. நடைக் குழுக்கள் சிறியவையாக இருக்க வேண்டும். வழிகாட்டிகளாக அப்பகுதியினரை அமர்த்த வேண்டும். வீட்டாரைக் கேட்காமல் திண்ணையில் ஏறுவதோ படமெடுப்பதோ கூடாது.

வீடுகள் எல்லாம் விடுதிகளாகவும் கடைகளாகவும் மாறிவிட்டால் முகப்பு மட்டுமே மிஞ்சும். தமிழர் பகுதியைக் காப்பது என்றால் அங்கே குடும்பங்கள் தொடர்ந்து வாழ வழிசெய்வதே. அதற்கு உதவாத எந்தச் சுற்றுலாத் திட்டத்தையும் நாங்கள் ஆதரிக்க மாட்டோம். உதவும் திட்டம் எதுவானாலும் அரசோடும் வீட்டுக்காரர்களோடும் சேர்ந்து உழைக்க முன்வருகிறோம்.