பழைய ஜீப்புக்கு புது மவுசு: பட்டறையில் கொட்டும் லட்சங்கள் ஆர்.டி.ஓ. ஆபீசில் செல்லுமா?

தொட்டியம்: காவிரிக்கரை, வாழைத்தோப்பு, வெற்றிலைக் கொடிக்கால், கோரைக்காடு. இதுதான் தொட்டியம். சேற்றில் இறங்கி சிக்காமல் ஏறி வரும் வண்டிக்கு இந்தப் பக்கம் எப்பவுமே தனி மரியாதை உண்டு. வாழைத்தார் ஏற்ற டிராக்டரும் மினி லாரியும் வந்த பிறகும் "ஜீப்பு ஜீப்புதாய்யா" என்று சொல்லும் பெரிசுகள் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள்.

அந்த மரியாதை இப்போது மவுசாக மாறிவிட்டது. பி.டி.ஓ. ஆபீஸ் வாசலில் புழுதி படிந்து நின்ற பழைய ஜீப்பைத் தேடிப்பிடித்து, பவர் ஸ்டீயரிங், டிஸ்க் பிரேக், அகல டயர், எல்.இ.டி. லைட்டு எல்லாம் போட்டு ஜம்மென்று ஓட்ட வேண்டும் என்பது தமிழ்நாடு முழுக்க இளவட்டங்களின் ஆசை. தேர்தல் வந்தால் ஓபன் ஜீப்புக்கு கிராக்கி இன்னும் எகிறும்.

ஆசை தப்பில்லை. ஆனால் பட்டறையில் லட்சம் லட்சமாக கொட்டிய பிறகு "இந்த வண்டி ரோட்டில் ஓடக் கூடாது" என்று அதிகாரி சொன்னால் என்ன ஆகும்? சட்டம் இன்றைக்கு அந்த நிலைமையில்தான் இருக்கிறது. பலருக்கு இது தெரியவில்லை.

போரில் பிறந்த வண்டி

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவின் வில்லிஸ், போர்டு கம்பெனிகள் செய்து தள்ளிய ஜீப்புகள் சுமார் 6 லட்சத்து 40 ஆயிரம். போர் முடிந்ததும் அதே வண்டி விவசாய வேலைக்கு வந்தது. நம் நாட்டில் 1945ல் மகிந்திரா சகோதரர்களும் குலாம் முகமது என்பவரும் சேர்ந்து "மகிந்திரா அண்டு முகமது" என்ற பெயரில் இரும்பு வியாபாரம் தொடங்கினார்கள். நாடு பிரிந்ததும் குலாம் முகமது பாகிஸ்தானுக்கு போய் அந்த நாட்டின் முதல் நிதி மந்திரியே ஆகிவிட்டார்! 1948ல் கம்பெனி பெயர் மகிந்திரா அண்டு மகிந்திரா என்று மாறியது. 1947லேயே மும்பையில் வில்லிஸ் ஜீப்பை கோர்த்து விற்கும் வேலை ஆரம்பமாகி இருந்தது.

பானெட் உயரமாக, குட்டையாக ஒரு பழைய ஜீப்பை பார்த்திருப்பீர்கள். அதுதான் சி.ஜே.3பி. உள்ளே இருக்கும் பெட்ரோல் எஞ்சின் உயரம் கூடுதல் என்பதால் பானெட்டையும் தூக்கி வைத்தார்கள். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே வெறும் 80 அங்குலம். பெட்ரோலை மடக்கு மடக்கென்று குடிக்கும். 1979ல் பிரான்சின் பியூஜோ கம்பெனியிடம் லைசென்சு வாங்கி 2,112 சி.சி. டீசல் எஞ்சினை மகிந்திரா செய்ய ஆரம்பித்த பிறகுதான் ஜீப் கட்டுப்படியாகும் வண்டி ஆனது. எம்.எம்.540 அந்த எஞ்சினோடு ஓடியது.

இன்னொரு பக்கம் ராணுவத்தின் ஜோங்கா. நிசான் கம்பெனியின் மாடலை வைத்து ஜபல்பூர் ராணுவ வாகன தொழிற்சாலையில் செய்தது. 1999ல் உற்பத்தி நின்றது. மாருதி ஜிப்சி 1985ல் வந்து, 2019 வாக்கில் பொதுமக்களுக்கான விற்பனை நின்றது. ஆக, எல்லாமே நின்றுபோன சரக்கு. நின்றுபோன சரக்குக்குத்தானே விலை!

நம்ம பக்கம் கைவேலைக்கு பஞ்சமில்லை

பழைய ஜீப் வேலை என்றால் எல்லோரும் அரியானாவின் மண்டி டப்வாலியை சொல்வார்கள். ஊர் பெயரே ஜீப்பால் பிரபலம். ஆனால் தொட்டியத்துக்காரருக்கு அவ்வளவு தூரம் போகிற அவசியமே இல்லை. ஒரு பக்கம் பஸ் பாடி கட்டும் கரூர், இன்னொரு பக்கம் லாரி பாடி கட்டும் நாமக்கல், கிழக்கே வெல்டிங்குக்கு பேர்போன திருச்சி. டிங்கரிங், லேத், பெயிண்டிங், எலெக்ட்ரிக்கல் என்று எல்லா கைவேலையும் இந்த முக்கோணத்துக்குள்ளேயே கிடைக்கும். துருப்பிடித்த தரைத் தகட்டை வெட்டி எடுத்து புதுத் தகடு வைப்பது, சேசிஸ் விரிசலை பார்த்து பத்த வைப்பது எல்லாம் இவர்களுக்கு தினசரி வேலை.

சிக்கல் வருவது அடுத்த கட்டத்தில். பழசை பழசாகவே சரி செய்வது ஒன்று, இன்றைய காலத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றுவது வேறொன்று. பெரும்பாலானவர்கள் கேட்பது இரண்டாவதைத்தான். அது நியாயமும்கூட. பவர் ஸ்டீயரிங் இல்லாத ஜீப்பை சந்தைக் கூட்டத்தில் திருப்பிப் பாருங்கள், தோள்பட்டை கழன்றுவிடும். பழைய ஜீப்பில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். பக்கத்தில் இருக்கும் கொல்லிமலையையே எடுத்துக்கொள்வோம். காரவள்ளி பாதையில் 70 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி, பாதி மலையில் பிடிப்பு குறைந்துவிடும். முன்னால் டிஸ்க் பிரேக் இருந்தால் சூடு சீக்கிரம் ஆறும். சீட் பெல்ட், கவிழ்ந்தால் தலையை காப்பாற்றும் இரும்பு வளையம், இதெல்லாம் உயிர் காக்கும் சமாச்சாரம்.

ஆனால் பந்தா சமாச்சாரமும் கூடவே வருகிறது. 80 அங்குல குட்டை வண்டியில் பெரிய டயரை மாட்டி, சஸ்பென்ஷனையும் தூக்கிவிட்டால் பார்க்க யானை மாதிரி இருக்கும். வளைவில் யானை சாய்ந்தால்? எடை மேலே ஏற ஏற கவிழும் வாய்ப்பும் ஏறும். டயர் பெரிசானால் ஸ்பீடாமீட்டர் காட்டுவதைவிட வண்டி வேகமாக போகும். பிரேக்குக்கும் சுமை கூடும். முன்னால் மாட்டும் கனத்த இரும்பு பம்பர் பாதசாரிக்கு எமன் என்பதால்தான் அதை அனுமதிக்கக் கூடாது என்று மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. அப்படியும் ரோட்டில் பம்பர் இல்லாத ஜீப்பை தேடித்தான் பார்க்க வேண்டி இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம், கம்பெனி கொடுத்த அசல் அளவில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது இதன் சாரம். கேரளாவில் இருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு இதை அழுத்தம் திருத்தமாக சொல்லிவிட்டது. அதே வருஷம் சட்டத்திருத்தம் வேறு வந்தது. புதிய 182ஏ பிரிவின்படி, அனுமதி இல்லாமல் மாற்றம் செய்த உரிமையாளருக்கு 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும். கவனியுங்கள், வண்டிக்கு 5 ஆயிரம் இல்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும்!

பட்டறைக்காரரும் தப்பிவிட முடியாது. வண்டிக்கு பாடி கட்டுகிறவரும் ரிப்பேர் செய்கிறவரும் சட்டத்தின் கண்ணில் "டீலர்" கணக்கில் வருகிறார்கள். டீலர் விதிமீறினால் ஒரு வண்டிக்கு ரூ.1 லட்சம் வரைக்கும் அபராதம் போட அதே 182ஏ-யில் இடம் இருக்கிறது.

2021 ஆகஸ்ட்டில் கண்ணூரில் யூ-டியூப் சகோதரர்கள் இருவரின் மாற்றியமைத்த வேனை கேரள அதிகாரிகள் பறிமுதல் செய்ய, அது மாநிலம் முழுக்க பெரிய ரகளை ஆனது ஞாபகம் இருக்கும். சட்டம் தூங்குவது போல தெரியும், ஒருநாள் விழித்தால் இப்படித்தான்.

எஞ்சின் மாற்ற வழி உண்டு. முன்கூட்டி ஆர்.டி.ஓ.விடம் அனுமதி வாங்கி, மாற்றிய 14 நாளுக்குள் தகவல் கொடுத்து ஆர்.சி.யில் பதிய வேண்டும். பெட்ரோல் ஜீப்பில் டீசல் எஞ்சினை ராத்திரியோடு ராத்திரியாக இறக்கிவிட்டு, ஆர்.சி.யில் இன்னும் "பெட்ரோல்" என்றே வைத்திருக்கும் வண்டிதான் சந்தையில் பெரிய கண்ணி. விபத்து ஆகி சொந்த சேதத்துக்கு கிளைம் போட்டால், சொல்லாமல் செய்த மாற்றத்தை காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கலாம்.

சரி, "வின்டேஜ்" என்று பதிந்துவிடலாமே என்று சிலர் ஐடியா கொடுப்பார்கள். 2021 ஜூலையில் வந்த விதிப்படி 50 வயது தாண்டிய வண்டிக்கு "வி.ஏ." என்ற எழுத்தோடு தனி நம்பர் கிடைக்கும். பதிவுக்கட்டணம் ரூ.20 ஆயிரம், 10 வருஷம் செல்லும். ஆனால் இரண்டு கொக்கி. சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அடுத்தது, கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, சர்வீசுக்கு என்று மட்டும்தான் ரோட்டில் ஏற்றலாம். தினமும் தோப்புக்கு போய் வர முடியாது. அதாவது டிஸ்க் பிரேக்கும் புது எஞ்சினும் போட்டு நவீனமாக்கிய ஜீப், வின்டேஜும் இல்லை, சாதா வண்டியும் இல்லை. திரிசங்கு நிலைதான்.

அரசு ஏலம் நின்றது

பழைய ஜீப் கிராமத்துக்கு வந்த முக்கியமான வழியே அரசு ஏலம்தான். பொதுப்பணித்துறை, வருவாய்த்துறை, போலீஸ் என்று கழித்துக் கட்டும் ஜீப்பை ஏலத்தில் எடுத்து, பட்டறையில் விட்டு, ரோட்டுக்கு கொண்டுவருவார்கள். அந்த வழியை மத்திய அரசு அடைத்துவிட்டது. 15 வருஷம் தாண்டிய அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் ரத்து. அவை அங்கீகாரம் பெற்ற உடைப்பு மையத்துக்குத்தான் போக வேண்டும். ராணுவம், உள்நாட்டுப் பாதுகாப்புக்கான சிறப்பு வண்டிகளுக்கு மட்டும் விலக்கு.

இதன் விளைவு நேராக சந்தையில் தெரியும். இனிமேல் புதிதாக ஜீப் வராது. இருக்கிறதைத்தான் கைமாற்ற வேண்டும். வரத்து நின்றால் விலை ஏறும், விலை ஏறினால் போலி பேப்பரும் ஏறும். உடைத்த வண்டியின் சேசிஸ் நம்பரை வேறு வண்டியில் அடித்து விற்பது பழைய மோசடிதான். அதற்கு இனி லாபம் கூடுதல் என்பதுதான் பயம்.

வைத்திருப்பவருக்கும் செலவு கூடிவிட்டது. 15 வருஷம் முடிந்த வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். கார், ஜீப் வகைக்கு ரூ.600 ஆக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் ரூ.5 ஆயிரம் ஆனது. 20 வருஷம் தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்ட்டில் ரூ.10 ஆயிரம் ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. அரசின் எண்ணம் தெளிவு: பழசை ஓட்டாதே, உடைத்துப்போடு.

டீசல் புகையை பார்த்தால் அரசு சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் வருஷத்துக்கு சில ஆயிரம் கிலோமீட்டர் தோப்புக்கும் வீட்டுக்கும் ஓடும் ஜீப்பையும், டெல்லி டிராபிக்கில் தினமும் புகை கக்கும் காரையும் ஒரே தராசில் வைப்பதா?

இங்கிலாந்தில் 40 வயது தாண்டிய வண்டிக்கு, கடந்த 30 வருஷத்தில் பெரிய மாற்றம் செய்யாமல் இருந்தால், 2018 மே முதல் வருடாந்திர சோதனையே கிடையாது. மாற்றம் செய்திருந்தால் ஓட்டத் தடை இல்லை, சோதனைக்கு வா என்கிறார்கள். லேண்ட்ரோவர் கம்பெனி 2016 ஜனவரியில் பழைய டிபண்டர் உற்பத்தியை நிறுத்தியது. பிறகு அதே பழைய டிபண்டர்களை தானே வாங்கி, பெரிய எஞ்சின், நல்ல பிரேக் எல்லாம் போட்டு கொள்ளை விலைக்கு விற்றது. அங்கே கம்பெனியே செய்யும் வேலையை இங்கே பட்டறை மேஸ்திரி செய்தால் குற்றம்.

நம் சட்டத்தின் பெரிய குறை இதுதான். பிரேக்கை நல்லதாக்குகிறவனையும், காது கிழியும் ஏர்ஹாரன் மாட்டுகிறவனையும் அது ஏறக்குறைய ஒரே மாதிரி நடத்துகிறது. பிரேக், ஸ்டீயரிங், சீட் பெல்ட் மாதிரி பாதுகாப்பு மாற்றங்களுக்கு மட்டுமாவது ஒரு பட்டியல் போட்டு, மோட்டார் வாகன ஆய்வாளர் ஓட்டிப்பார்த்து ஆர்.சி.யில் பதிந்து கொடுக்கும் நடைமுறை வந்தால் போதும். கட்டணம் ஐந்தாயிரம் என்றாலும் ஜனங்கள் கட்டுவார்கள். கரூர், நாமக்கல் பட்டறைகளும் ஒளிந்து செய்யாமல் பில் போட்டு செய்யும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்

அதுவரைக்கும் என்ன செய்வது? "பேப்பர் எல்லாம் பக்கா அண்ணே" என்று புரோக்கர் சொன்னதை நம்பி அட்வான்ஸ் நீட்டாதீர்கள். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பரை வண்டியில் டார்ச் அடித்து நீங்களே படியுங்கள். நம்பர் அடித்த இடத்தை சுற்றி புது பெயிண்டோ கிரைண்டர் தடமோ இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். எரிபொருள், சீட் எண்ணிக்கை, பாடி வகை, கலர் நாலும் ஆர்.சி.யோடு ஒத்துப்போக வேண்டும்.

டெல்லி பக்கத்து வண்டி என்றால் இன்னும் உஷார். அங்கே 10 வருஷ டீசல் வண்டிக்கு 2015ல் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டு, 2018ல் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்ததில் இருந்து சல்லிசு விலையில் தெற்கே தள்ளிவிடும் வியாபாரம் நடக்கிறது. அந்த மாநில ஆர்.டி.ஓ. கொடுத்த தடையில்லா சான்று, படிவம் 28, கையில் இல்லாமல் பணம் கொடுத்தால் வண்டி தோப்புக்குள் கோழி அடையத்தான் உதவும். உள்ளூர் வண்டிக்கு படிவம் 29, 30ல் விற்பவர் கையெழுத்து போட்டு, பெயர் மாற்றம் முடிந்த பிறகே பட்டறைக்கு அனுப்புங்கள். கூரையை வெட்டுவது, டயரை பெரிசாக்குவது எல்லாம் நடந்த பிறகு ஆய்வாளர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால், அவர் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இருக்காது.