ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம்

அயர்லாந்தில் கார்க் பிரதேசத்துப் பாலிஹே என்னும் சிற்றூரில், 2011 மார்ச் முதல் வாரந்தோறும், ஞாயிறு பூசை முடிந்து தேவாலயத்தை விட்டு வெளிவந்த ஜனங்கள், வங்கிக் கடன்பத்திரதாரர்களின் நஷ்டத்தை ஏற்க மறுக்கும் பதாகையை ஏந்தியபடி, லாரிகள் விரையும் நெடுஞ்சாலையோரம் சிறிது தூரம் நடந்துவிட்டுத்தான் வீடு திரும்பினார்கள் என்று படித்தது முதல் என் சிந்தை அங்கேயே நிற்கிறது. தலைநகரில் பெருங்கூட்டம் முழங்குவது ஒருநாள் உற்சாகம். ஒரு கிராமம் இப்படி வருஷக்கணக்கில் நடப்பதோ விரதம். 2008 செப்டம்பரில் ஒரே இரவில் வங்கிகளுக்கு உத்தரவாதமளித்து, கடன்பத்திரத்தைக் கண்ணாலும் கண்டிராத குடிமக்களின் தலையில் முடிவில் சுமார் 6,400 கோடி யூரோ பாரத்தை ஏற்றிவிட்டு, சிக்கனத்தின் பெயரால் குழந்தைகளின் உதவித்தொகையிலும் கைவைத்த அரசாங்கத்திடம், வசைமொழியின்றி, கல்லெறியாமல், நடந்தே நியாயம் கேட்ட அம்மனிதர்களின் முயற்சியை வீணென்று சொல்வாரோடு எனக்குச் சற்றும் உடன்பாடில்லை.