படகை வாங்குமுன் வார இறுதிகளை எண்ணுங்கள்

கடலோர நகரங்களில் வசதியாக வாழும் குடும்பங்களின் ஆசைப் பட்டியலில், இரண்டாவது வீட்டுக்கும் பெரிய காருக்கும் அடுத்தபடியாகச் சொந்த மோட்டார் படகும் இடம்பெறத் தொடங்கியிருக்கிறது. படுக்கையறை, சிறு சமையலறை, கழிப்பறை ஆகியவற்றுடன், நான்கைந்து பேர் ஓர் இரவு தங்கிவரக்கூடிய ‘குரூசர்’ வகைப் படகையே குறிப்பிடுகிறேன். மும்பையில் இந்த ஆசைக்குப் பொருத்தமான காரணமும் உண்டு. கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து மாண்ட்வாவுக்குக் கடல்வழியே ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். அங்கிருந்து அலிபாக் அருகில்தான். சாலை வழியே சென்றால் சுமார் நூறு கிலோமீட்டர் சுற்றிவர வேண்டும்.

வங்கிக் கிளையில் இதுபற்றி ஆலோசனை கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியுடன் வருகிறார்கள்: “இந்த விலையை என்னால் தாங்க முடியுமா?” கேள்வி நியாயமானதே, ஆனால் போதுமானதன்று. படகு என்பது விலை கொடுத்து வாங்கிவிட்டால் முடிந்துபோகும் பொருள் அல்ல. ஓராண்டில் அதற்காக நாம் செலவிடும் தொகையை, அதில் உண்மையாகவே கழிக்கும் வார இறுதிகளின் எண்ணிக்கையால் வகுக்கும்போதுதான் அதன் மெய்யான விலை வெளிப்படும். அந்த எண்ணைப் பார்த்த பிறகே காசோலையில் கையெழுத்திட வேண்டும் என்பது என் கருத்து.

கடல் தரும் நாள்கள்

ஆண்டுக்கு 52 வார இறுதிகள். அவற்றில் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழைக்காலம் பதினேழு வாரங்களை எடுத்துக்கொள்கிறது. அந்த மாதங்களில் கேட்வேயிலிருந்து மாண்ட்வா செல்லும் சிறிய பயணிகள் படகுகளே நிறுத்தப்படுகின்றன. சொந்தப் படகைக் கரையேற்றி, மூடி, காவலுடன் வைப்பதே அங்குள்ள வழக்கம். எஞ்சுபவை 35. அவற்றிலும் பிள்ளைகளின் தேர்வுகள், உறவினர் திருமணங்கள், அலுவலகப் பயணம், பழுதுபார்ப்பு, காற்று மிகுந்த நாள்கள் எனப் பாதியாவது கழிந்துவிடும். ஆர்வமுள்ள குடும்பத்துக்கும் பதினெட்டு வார இறுதிகள் கிடைத்தால் அது நல்ல ஆண்டு.

இந்த நாள்காட்டி இடத்துக்கு இடம் மாறும். சென்னைக் கரையில் வடகிழக்குப் பருவமழையும் புயல்களும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களை விழுங்கும். அலையடிக்கும் திறந்த கடற்கரையில் ஒதுங்கி நிற்க இடமும் குறைவு. கொச்சியில் உப்பங்கழிகள் இருப்பதால் கடல் கொந்தளிக்கும் நாளிலும் உள்நீரில் உலாவ முடியும். போல்காட்டியில் படகுத்துறையும் உண்டு. நம் ஊருக்கு எத்தனை வார இறுதிகள் என்பதை விற்பனையாளரிடம் கேட்காமல், அந்தக் கரையில் ஏற்கெனவே படகு வைத்திருப்பவர்களிடம் கேட்பது நல்லது.

விலைப்பட்டியலில் இல்லாதவை

முதலில் வரி. உல்லாசப் படகுகளுக்கு முன்பு 28 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியும் 3 விழுக்காடு இழப்பீட்டு வரியும் இருந்தன. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 விழுக்காடு. “நிறுவனத்தின் பெயரில் வாங்கினால் வரியைத் திரும்பப் பெறலாம்” என்று சிலர் யோசனை கூறுவதுண்டு. பயணிகளை ஏற்றிச் செல்லுதல், படகு வணிகம், ஓட்டுநர் பயிற்சி போன்ற குறிப்பிட்ட தொழில்களுக்கு அன்றி, படகுக்கு உள்ளீட்டு வரி வரவு சட்டப்படி கிடைக்காது. குடும்பத்தின் வார இறுதியைத் தொழிற்செலவாகக் காட்டுவது பின்னாளில் வருமான வரித் துறையின் கேள்விகளையே வரவழைக்கும்.

அடுத்தது உப்புநீர். கடலில் நிற்கும் படகு ஓடாத நாளிலும் தேய்கிறது. அடிப்பகுதியில் பாசியும் சிப்பிகளும் ஒட்டி வளர்ந்து வேகத்தைக் குறைத்து எரிபொருளைக் கூட்டும். எனவே ஆண்டுதோறும் கரையேற்றிச் சுரண்டி, அவை ஒட்டாமல் தடுக்கும் சிறப்பு வண்ணம் பூச வேண்டும். நீருக்கடியில் உள்ள சுழலியையும் தண்டையும் மின்வேதி அரிப்பிலிருந்து காக்கத் துத்தநாகத் துண்டுகள் பொருத்தப்படுகின்றன. தாம் கரைந்து மற்ற உலோகத்தைக் காப்பதே அவற்றின் பணி என்பதால், அவற்றை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இயந்திரத்தைக் குளிர்விக்கக் கடல்நீரை இழுக்கும் பம்பின் சிறு ரப்பர்ச் சக்கரம் கிழிந்தாலே இயந்திரம் சூடேறி நடுக்கடலில் நின்றுவிடும். அதன் விலை சிறிது. அதைக் கவனிக்காமல் விடுவதன் விலை பெரிது.

மூன்றாவது ஆள்கள். மும்பைக் கரையில் தண்டேல் என்று அழைக்கப்படும் படகோட்டியும் ஓர் உதவியாளரும் இல்லாமல் இத்தகைய படகைப் பராமரிப்பது அரிது. படகு கரையில் கிடக்கும் நான்கு மாதங்களிலும் அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அனுபவமுள்ள தண்டேல் ஒருவர் மழைக்காலத்தில் விலகிச் சென்றுவிட்டால், அக்டோபரில் படகு இருக்கும். அதை நம்பி ஒப்படைக்க ஆள் இருக்காது. இதைச் செலவாக மட்டும் கருதாமல், ஒரு குடும்பத்தின் பிழைப்புக்கு நாம் ஏற்கும் பொறுப்பாகவும் கருத வேண்டும்.

நான்காவது சட்டமும் காப்பீடும். 1917ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2021ஆம் ஆண்டு உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம், இயந்திரப் படகுகளுக்கு ஆய்வுச் சான்றையும் பதிவையும் காப்பீட்டையும் வலியுறுத்துகிறது. திறந்த கடலில் ஓட்டுவதற்கான விதிகள் வேறு. இரண்டையும் மாநிலக் கடல்சார் வாரியத்தில் முன்கூட்டியே கேட்டறியுங்கள். காப்பீட்டுப் பத்திரத்தில் எந்த எல்லைக்குள் ஓட்டலாம், எந்த மாதங்களில் கரையேற்றி வைக்க வேண்டும், யார் ஓட்டலாம் என்ற நிபந்தனைகள் பொதுவாக இருக்கும். அவற்றை மீறிய நாளில் விபத்து நேர்ந்தால் இழப்பீடு மறுக்கப்படலாம்.

ஒரு மாதிரிக் கணக்கு

கணக்குக்காக வரிக்கு முந்தைய விலை ஒரு கோடி ரூபாய் என்று கொள்வோம். 40 விழுக்காடு வரியுடன் கையிலிருந்து போவது 1.40 கோடி. பத்தாண்டுகள் கழித்து 50 லட்சத்துக்கு விற்றால், தேய்மானம் ஆண்டுக்கு 9 லட்சம். இந்தக் காலத்தில் படகில் முடங்கும் சராசரி முதல் 95 லட்சம். வைப்பு நிதியில் 7 விழுக்காடு கிடைத்திருக்கும் என்று வைத்துக்கொண்டால் இழக்கும் வட்டி 6.65 லட்சம். நிறுத்துமிடம், ஆள்கள், காப்பீடு, பழுது ஆகிய அனைத்துக்குமாக விலையில் பத்தில் ஒரு பங்கு என்பது படகு உரிமையாளர்களிடையே வழங்கும் கைக்கணக்கு. அது 10 லட்சம். ஆக, ஆண்டுக்கு 25.65 லட்சம். எரிபொருளை இதில் சேர்க்கவில்லை.

பதினெட்டு வார இறுதிகள் சென்றால், ஒவ்வொன்றின் விலை 1,42,500 ரூபாய். முதல் ஆண்டின் ஆர்வம் தணிந்து ஒன்பதாகக் குறைந்தால், 2,85,000 ரூபாய். படகு அதேதான், செலவும் அதேதான். மாறியது நம் பழக்கம் மட்டுமே. இதே வகைப் படகை வாடகைக்கு எடுக்க என்ன கேட்கிறார்கள் என்று விசாரித்து, இந்த எண்ணுக்கு அருகில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலான குடும்பங்களுக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும்.

கடன் வாங்கலாமா?

இதில் என் கருத்து கடுமையானது. வீட்டை ஈடாக வைத்தோ, ஓய்வுக்காலப் பணத்தை எடுத்தோ படகு வாங்க வேண்டாம். வீட்டுக் கடன் ஒரு தேவையை நிறைவேற்றுகிறது; தொழிற்கடன் வருமானத்தை ஈட்டித் தருகிறது. படகுக் கடனுக்கு இவ்விரண்டு துணையும் இல்லை. அதன் வட்டிக்கு வருமான வரிச் சலுகையும் கிடையாது. பழைய படகுகளுக்கான சந்தை நம் நாட்டில் சிறியது. அவசரமாக விற்க நேர்ந்தால், விலையைச் சொல்பவர் வாங்குபவராகவே இருப்பார். தவணை தவறும்போது பாதிக்கப்படுவது படகு அல்ல, ஈடாக வைத்த வீடு. அதாவது, படகில் ஏறாத முதியவர்களும் குழந்தைகளும் வாழும் கூரை.

ஆறு மாதக் குடும்பச் செலவு, பிள்ளைகளின் கல்வி நிதி, மருத்துவக் காப்பீடு, ஓய்வுக்கால நிதி ஆகிய நான்கையும் தொடாமல், வாங்கும் தொகையையும் அடுத்த மூன்று ஆண்டுகளின் பராமரிப்புத் தொகையையும் தனியே வைக்க முடிந்தவர் படகு வாங்கலாம். அதற்குக் குறைந்த நிலையில் உள்ளவருக்கு வாடகையே தகும்.

“மகிழ்ச்சியைக் கணக்குப் போட முடியுமா?” என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கைப்பேசி அலைவரிசை எட்டாத தொலைவில் பிள்ளைகளுடன் கழிக்கும் ஒரு மாலைப்பொழுதுக்கு விலை சொல்ல எந்த வங்கியாளராலும் ஆகாது. ஆனால், தவணையை நினைத்துக்கொண்டு கடலைப் பார்ப்பவருக்கு அந்த மாலை கிடைப்பதில்லை. “இவ்வளவு கொடுத்து வாங்கியிருக்கிறோமே” என்ற எண்ணமே, காற்று எச்சரிக்கை உள்ள நாளிலும் படகை எடுக்கத் தூண்டும். 2024 டிசம்பர் 18 அன்று கேட்வேயிலிருந்து எலிஃபெண்டா நோக்கிச் சென்ற பயணிகள் படகின்மீது கடற்படையின் விசைப்படகு மோதிப் பலர் உயிரிழந்ததை மும்பை மறக்கவில்லை. அமைதியான கடலிலும் ஆபத்து உண்டு. ஒவ்வொருவரின் அளவுக்கும் ஏற்ற உயிர்காப்பு அங்கி, குழந்தைகளுக்குத் தனி அளவு, கரையுடன் பேச வானொலிக் கருவி ஆகியவை இல்லாத படகு எவ்வளவு மலிவானாலும் வாங்கத் தக்கதன்று.

கூட்டாக வாங்குதல்

நடுவழி ஒன்று இருக்கிறது. மூன்று குடும்பங்கள் சேர்ந்து வாங்கி, ஆளுக்குப் பத்தாக முப்பது வார இறுதிகளைப் பயன்படுத்தினால், மேற்சொன்ன கணக்கில் ஒரு வார இறுதியின் விலை 85,500 ரூபாயாகக் குறையும். படகும் சும்மா நிற்காது. ஓடும் இயந்திரம் நிற்கும் இயந்திரத்தைவிட நலமாக இருக்கும். ஆனால், நட்பை நம்பி எழுத்தை விட்டுவிடக் கூடாது. யாருக்கு எந்த நாள், பழுது நிதிக்கு யார் எவ்வளவு, சேதத்துக்கு யார் பொறுப்பு, ஒருவர் விலகினால் அவர் பங்கை எந்த மதிப்பில் யார் வாங்குவது, ஒருவர் இறந்தால் வாரிசின் உரிமை என்ன என்னும் ஐந்துக்கும் ஒப்பந்தத்தில் விடை இருக்க வேண்டும். பராமரிப்புக்கெனக் கூட்டுக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, மாதந்தோறும் தானாகப் பணம் சேரும்படி நிலையான அறிவுறுத்தல் கொடுத்துவிட்டால் பாதிச் சச்சரவுகள் எழவே மாட்டா.

பழைய படகு வாங்குவோர், விற்பவருடன் தொடர்பில்லாத சர்வேயர் ஒருவரைக் கொண்டு, படகைக் கரையேற்றி அடிப்பகுதியைப் பார்க்கச் செய்யுங்கள். இயந்திரம் ஓடிய மணிக்கணக்கையும் பதிவேட்டையும், படகின்மீது கடன் பாக்கி உண்டா என்பதையும் சரிபாருங்கள். பிறகு கடலில் ஓட்டிப் பார்த்தே முன்பணம் கொடுங்கள்.

இப்போதே வாங்கத் துடிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் அக்டோபர் முதல் மே வரை ஒரு பருவம் முழுவதும் வாடகைப் படகில் சென்று வாருங்கள். சென்ற நாள், கொடுத்த பணம், உடன் வந்தவர் யார் என மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். மே மாத இறுதியில் பதினைந்துக்கு மேல் வரிகள் இருந்து, அவற்றில் குடும்பத்தினர் அனைவரின் பெயரும் இருந்தால், அந்தக் குறிப்பேட்டுடன் உங்கள் வங்கிக் கிளைக்கு வாருங்கள். மனமுவந்து திட்டமிட உதவுவோம். ஐந்தாறு வரிகள் மட்டுமே இருந்தால், ஒரு கோடிக்கு மேற்பட்ட உங்கள் சேமிப்பு பத்திரமாக இருக்கிறது. அந்த ஐந்தாறு பயணங்களின் மகிழ்ச்சியும் முழுமையாக உங்களுடையதே.