விடுமுறை நாள் பார்த்து வரும் திருடர்கள்

2012 ஆகஸ்ட் 15. ஹிஜ்ரி 1433, ரமளான் 27-ஆம் நாள். சவூதி அரேபியாவில் பெருநாளுக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. லைலத்துல் கத்ரைத் தேடும் கடைசிப் பத்து என்பதால் அரசு எண்ணெய் நிறுவனமான அரம்கோவின் ஊழியர்களில் பெரும்பாலோர் விடுப்பில் இருந்தார்கள். அன்று முற்பகலில் அலுவலகக் கணினிகள் ஒவ்வொன்றாக அணையத் தொடங்கின. உள்ளே இருந்த கோப்புகள் அழிந்தன. ‘ஷமூன்’ என்று பின்னர் பெயர் பெற்ற அந்த நாசகார நிரல் சுமார் 30,000 கணினிகளைப் பயனற்றதாக்கியது. எண்ணெய் உற்பத்தி நடக்கும் கட்டுப்பாட்டு வலையமைப்பு தனியாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்ததால் உற்பத்தி தப்பியது. ஆனால் கொள்முதல், ஒப்பந்தம், கணக்கு, மின்னஞ்சல் என்று அலுவலக வேலைகள் அனைத்தும் நின்றுபோய், உலகின் மிகப்பெரிய எண்ணெய் நிறுவனம் காகிதத்துக்கும் ஃபேக்ஸுக்கும் திரும்ப வேண்டியதாயிற்று.

தாக்கியவர்கள் அந்த நாளைத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கவில்லை. அலுவலகம் எப்போது காலியாக இருக்கும் என்பதை அறிந்தே தேர்ந்தெடுத்தார்கள். நம்முடைய இபாதத்தின் உச்ச நாட்கள் அவர்களுடைய நாட்காட்டியிலும் குறித்து வைக்கப்பட்டிருக்கின்றன.

நம் சமுதாயத்தில் இன்று ஐ.டி. துறையில் வேலை செய்வோர் இல்லாத குடும்பம் குறைவு. சென்னையில், பெங்களூரில், துபாயில், ரியாதில் நம் பிள்ளைகள் சர்வர்களையும் வலையமைப்புகளையும் கவனித்துக் கொண்டிருக்கிறார்கள். இன்னொரு பக்கம், கடை, டிராவல்ஸ், ஏற்றுமதி, மதரஸா, ஜமாஅத் அலுவலகம் என்று கணினியில் கணக்கு வைத்திருப்போரும் நாமே. எனவே இந்த விஷயம் இரண்டு வகையிலும் நம் வீட்டு விஷயம்.

வெள்ளிக்கிழமை நடந்த வங்கிக் கொள்ளை

அரம்கோவுக்கு மூன்றரை ஆண்டுகள் கழித்து, இன்னொரு முஸ்லிம் நாட்டின் மத்திய வங்கி இதே முறையில் குறிவைக்கப்பட்டது. பங்களாதேஷில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். 2016 பிப்ரவரி 4, வியாழக்கிழமை. டாக்காவில் அலுவலகம் மூடப்பட்ட பிறகு, பங்களாதேஷ் வங்கியின் பெயரில் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கிக்கு ‘ஸ்விஃப்ட்’ வழியாக 35 பணப் பரிமாற்றக் கட்டளைகள் சென்றன. கேட்கப்பட்ட மொத்தத் தொகை சுமார் 95 கோடி டாலர்.

நாட்கள் அடுக்கப்பட்ட விதத்தைக் கவனியுங்கள். வெள்ளி, சனி டாக்காவில் விடுமுறை. சனி, ஞாயிறு நியூயார்க்கில் விடுமுறை. பணம் போய்ச் சேர்ந்த பிலிப்பைன்ஸில் திங்கட்கிழமை சீனப் புத்தாண்டு விடுமுறை. கட்டளைகளை அச்சிட்டுக் காட்ட வேண்டிய பிரிண்டரையும் கொள்ளையர்கள் முடக்கி வைத்திருந்தார்கள். வெள்ளியன்று அது வேலை செய்யாததைப் பார்த்த ஊழியர்கள், வழக்கமான கோளாறு என்றே நினைத்தார்கள். ஒரு நாடு விழித்துக் கொண்டு அழைக்கும் நேரத்தில் அடுத்த நாடு தூங்கிக் கொண்டிருந்தது.

35 கட்டளைகளில் ஐந்து மட்டுமே நிறைவேறின. அதிலேயே 10.1 கோடி டாலர் வெளியேறியது. இலங்கைக்குச் சென்ற 2 கோடி டாலர், பெறுநரின் பெயரில் இருந்த எழுத்துப் பிழையால் சந்தேகம் எழுந்து நிறுத்தப்பட்டுத் திரும்பக் கிடைத்தது. பிலிப்பைன்ஸுக்குச் சென்ற 8.1 கோடி டாலரின் பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளுக்குள் மறைந்தது. ஓர் ஏழை நாட்டு மக்களின் பணத்தில் அதற்கு மேலும் இழப்பு ஏற்படாமல் காத்தவற்றுள் ஒன்று ஓர் எழுத்துப் பிழை என்பது எவ்வளவு கவலைக்குரியது!

எல்லோர் பண்டிகைக்கும் இதே கதி

இது முஸ்லிம் நாடுகளுக்கு மட்டும் வந்த சோதனை அல்ல. 2021 ஜூலை 2, அமெரிக்க சுதந்திர தின நீண்ட விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, ‘கசேயா’ என்ற கணினி மேலாண்மை மென்பொருள் வழியாகப் பணயத் தாக்குதல் நடந்தது. அந்த மென்பொருளைப் பயன்படுத்திய சேவை நிறுவனங்கள் மூலம், அவர்களை நம்பியிருந்த 800 முதல் 1,500 வரையிலான சிறு, நடுத்தர நிறுவனங்கள் முடங்கின. ஸ்வீடனில் ‘கூப்’ என்ற மளிகைச் சங்கிலியின் நூற்றுக்கணக்கான கடைகள் பில் போட முடியாமல் கதவை மூடின. அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யும் இணையப் பாதுகாப்பு முகமையும் சேர்ந்து, வார இறுதியிலும் விடுமுறையிலும் பணயத் தாக்குதல்கள் வருகின்றன என்று தனி எச்சரிக்கையே வெளியிட்டன.

2025-லும் இதே நிலைதான். பிரிட்டனின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் நிறுவனத்துக்குள் தாக்குதல்காரர்கள் நுழைந்தது ஏப்ரல் 17, புனித வெள்ளிக்கு முந்தைய நாள். வேறொருவரைப் போல நடித்து, மூன்றாம் தரப்பு ஒன்றின் வழியாக உள்ளே வந்ததாக நிறுவனத்தின் தலைவர் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். ஈஸ்டர் விடுமுறையில் கடைகளில் பணம் செலுத்துவதில் கோளாறு தொடங்கியது. இணைய வழி ஆர்டர்கள் ஆறு வாரங்களுக்கு மேல் நின்றன. இழப்பு சுமார் 30 கோடி பவுண்டு என்று நிறுவனமே மதிப்பிட்டது.

டாடா குழுமத்தின் ஜாகுவார் லேண்ட் ரோவர் தாக்கப்பட்டது ஆகஸ்ட் மாதக் கடைசி நாளான ஞாயிற்றுக்கிழமையை ஒட்டி. பிரிட்டனில் புதிய பதிவெண் வழங்கப்படும் செப்டம்பர் 1, கார் விற்பனையின் உச்ச நாட்களில் ஒன்று. தொழிற்சாலைகள் ஐந்து வாரங்களுக்கு மேல் நின்றன. நிறுவனத்தைவிட, அதற்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகளே அதிகம் தவித்தன.

ஏன் விடுமுறை?

இதைப் புரிந்துகொள்ள, தாக்குதல் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். கணினி முடங்கும் நாளில்தான் திருடன் வருகிறான் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அவன் பல நாட்கள், சில நேரம் பல மாதங்கள் முன்பே உள்ளே வந்துவிடுகிறான். பங்களாதேஷ் வங்கிக்குள் 2015-லேயே, வேலை கேட்டு வந்த மின்னஞ்சல்கள் வழியாக நுழைந்திருந்தார்கள். உள்ளே வந்தவன் அமைதியாக எது எங்கே இருக்கிறது என்று பார்க்கிறான். நிர்வாகக் கணக்கின் கடவுச்சொல்லைத் தேடுகிறான். பேக்கப் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து முதலில் அதைக் கெடுக்கிறான். கடைசி அடிக்கு மட்டும் அவனுக்கு, எவரும் பார்க்காத சில மணி நேரங்கள் தேவை. அதைத்தான் விடுமுறை கொடுக்கிறது.

அந்த நேரத்தில் எச்சரிக்கை மணி அடிக்காமல் இல்லை. அடிக்கிறது. ஆனால் கேட்க ஆளில்லை. அல்லது, கேட்கிற ஆளுக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை. இரவுப் பணியில் இருக்கும் இளைஞனுக்குச் சந்தேகம் வருகிறது. சர்வரை இணைப்பிலிருந்து துண்டிக்க வேண்டும். துண்டித்தால் வியாபாரம் நிற்கும். நாளை விளக்கம் கேட்பார்கள். மேலாளரை அழைக்கிறான். அவர் ஊரில், பெருநாள் தொழுகையில், அல்லது விமானத்தில். காத்திருக்கும் ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. பல நிறுவனங்களில் மென்பொருளுக்குக் கோடிகள் செலவாகின்றன. ஆனால், ‘சந்தேகம் வந்தால் நீ துண்டித்துவிடு, பொறுப்பு எங்களுடையது’ என்ற ஒரு வரி எழுத்தில் கொடுக்கப்படுவதில்லை.

வளைகுடாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே இன்னொரு இடைவெளியும் உண்டு. சவூதியில் வார விடுமுறை வெள்ளி, சனி. ஐக்கிய அரபு அமீரகம் 2022 முதல் அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி அரை நாள், சனி, ஞாயிறு விடுமுறை என்று மாற்றிக் கொண்டது. இங்கே சனி, ஞாயிறு. ரியாத் நிறுவனத்தின் கணினிகளைச் சென்னையிலிருந்து கவனிக்கும் குழு என்றால், வெள்ளியன்று அங்கே முடிவெடுக்க ஆளில்லை. ஞாயிறன்று இங்கே பார்க்க ஆளில்லை. சனிக்கிழமை இருவருமே இல்லை. இதையே திட்டமிட்டு அமைத்தால், ஒருவர் ஓய்வெடுக்கும்போது மற்றவர் விழித்திருக்கும் ஏற்பாடாகவும் மாற்றலாம். திட்டமில்லாவிட்டால் அதுவே ஓட்டை.

மார்க்கம் காட்டும் முன்மாதிரி

காவலுக்கும் வணக்கத்துக்கும் இடையே முரண்பாடு இருப்பதாக நாம் நினைக்க வேண்டியதில்லை. அச்சநிலைத் தொழுகையின் சட்டத்தை நாம் படித்திருக்கிறோம். சூரா அந்நிஸாவின் 102-ஆம் வசனம் அதைக் கற்றுத் தருகிறது. எதிரி எதிரே நிற்கும்போதும் தொழுகை விடப்படுவதில்லை. அதே நேரத்தில் படை முழுவதும் ஒரே சமயத்தில் தொழுகைக்கு நிற்பதும் இல்லை. ஒரு பிரிவினர் இமாமுடன் தொழ, மற்றொரு பிரிவினர் காவல் நிற்கிறார்கள். பின்னர் இடம் மாறிக் கொள்கிறார்கள். கவனம் சிதறும் நேரத்தை எதிரி எதிர்பார்த்துக் காத்திருக்கிறான் என்ற எச்சரிக்கையும் அதே வசனத்தில் இருக்கிறது. பணிமுறை அட்டவணைக்கு இதைவிடத் தெளிவான முன்மாதிரி வேண்டுமா?

ஒட்டகத்தைக் கட்டிய பிறகே தவக்குல் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். வாடிக்கையாளரின் தகவல் நம் கையில் இருக்கும் அமானிதம். ரமளான் உம்ரா சீசனில் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தின் கணினியில் எத்தனை குடும்பங்களின் பாஸ்போர்ட் நகல், புகைப்படம், வங்கி விவரம் இருக்கின்றன! அவை திருடு போனால் நஷ்டம் உரிமையாளருக்கு மட்டுமா?

சட்டமும் விடுமுறை பார்ப்பதில்லை. இந்தியாவின் கணினி அவசரகால முகமையான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவுப்படி, இணையத் தாக்குதல் தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். 2023-இன் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது.

ஷஅபானிலேயே செய்ய வேண்டியவை

ரமளான் பிறந்த பிறகு இதற்கெல்லாம் நேரம் இருக்காது. ஷஅபானிலேயே முடித்துவிடலாம். பெரிய நிறுவனத்தில் பொறுப்பில் இருப்பவருக்கும் சிறு கடைக்காரருக்கும் பொதுவானவை இவை:

1. பேக்கப் ஒன்றை இணைப்பிலிருந்து கழற்றித் தனியாக வையுங்கள். எடுத்து வைத்தால் மட்டும் போதாது. அதிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

2. நிர்வாகக் கணக்குகளை எண்ணுங்கள். வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகளை மூடுங்கள். மீதி இருப்பவற்றுக்கு இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம்.

3. பெருநாளுக்கு முந்தைய சில நாட்களில் பெரிய மாற்றங்கள் எதையும் செய்யாதீர்கள். பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மட்டும் அதற்கு முன்பே போட்டு முடியுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. கல்லாவில் இருக்கும் பழைய கணினி எது என்று பாருங்கள்.

4. தொலைபேசியில் கடவுச்சொல் மாற்றிக் கேட்பவர் யாராக இருந்தாலும், நம்மிடம் ஏற்கனவே இருக்கும் எண்ணில் திருப்பி அழைத்து உறுதி செய்யுங்கள். முதலாளியின் குரலே கேட்டாலும் இதுதான் விதி.

5. குறிப்பிட்ட தொகைக்கு மேல் பணம் அனுப்ப இருவர் ஒப்புதல் தேவை என்று வங்கியில் அமைத்துக் கொள்ளுங்கள்.

6. விடுமுறையில் யார் பொறுப்பு, யாரை அழைப்பது, எதைத் துண்டிக்கலாம் என்பதை ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கணினி முடங்கும் நாளில் கணினியில் இருக்கும் பட்டியல் உதவாது.

7. பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற உதவி எண்ணை அழையுங்கள். முதல் சில மணி நேரங்களில்தான் பணத்தை நிறுத்தி வைக்கும் வாய்ப்பு அதிகம்.

காவல் நிற்பவரையும் நினைப்போம்

கடைசியாகக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. பெருநாள் அன்று மகன் ஷிஃப்டில் இருக்கிறான் என்றால், ‘காசுதான் பெரிதாகப் போயிற்றா’ என்று குத்திப் பேசுவோர் உண்டு. மருத்துவமனையில் பணியில் இருக்கும் நர்ஸை நாம் அப்படிக் கேட்பதில்லை. அந்த மருத்துவமனையின் கணினி நின்றால் என்ன ஆகும் என்பதை 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் காட்டியது. இரண்டு வாரங்கள் வரை அங்கே பதிவும் பரிசோதனை முடிவும் கையால் எழுதப்பட்டன. வெளியூரிலிருந்து வந்த ஏழை நோயாளிகள் வரிசையில் காத்துக் கிடந்தார்கள்.

ஆகவே நிறுவனங்கள் பணிமுறையை நியாயமாகப் பங்கிட வேண்டும். தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் முஸ்லிம் ஊழியர்கள் காவல் நிற்கட்டும். பெருநாளுக்குப் பிற சமயச் சகோதரர்கள் நிற்கட்டும். பல அலுவலகங்களில் இது சொல்லாமலே நடந்து வரும் அழகான வழக்கம். அதை எழுத்தில் உள்ள ஏற்பாடாக மாற்றினால் எந்தப் பண்டிகை நாளிலும் இருக்கை காலியாக இருக்காது. அப்படியும் நம் பிள்ளை ஒருவனுக்குப் பெருநாள் பணி விழுந்தால், தொழுகைக்குப் போய்வர நேரம் கேட்டுப் பெறட்டும். வீட்டில் அவனுக்கான பிரியாணியை எடுத்து வைப்போம். அமானிதத்தைக் காத்து நின்றவனுக்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு, இன்ஷா அல்லாஹ்.