மாமாவின் பனியனும் எண்பது கோடி ஜெர்சியும்

எங்கள் வீட்டுக் கரித்துணியைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காதீர்கள், மேட்டர் இருக்கிறது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. படூர் வீட்டில் தோசை சுட்டுக்கொண்டிருந்த அம்மா, "அந்தத் துணிய எடுடா" என்றார். எடுத்தேன். நீலத் துணி. எண்ணெய்ப் பிசுக்குக்கு நடுவில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. விரித்துப் பார்த்தால் '11' என்று பாதி அழிந்த எண்.

"என்னம்மா இது?"

"உங்க மாமாவோட பழைய பனியன்டா. பாஸ்கெட்பால் ஆடறப்போ போட்டது. காட்டன் பாரு, நல்லா தண்ணி உறிஞ்சுது."

மாமா அந்தக் காலத்துச் செங்கல்பட்டு மாவட்டக் கூடைப்பந்து அணிக்கு ஆடியவர். இதை வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அதற்கு ஆதாரம் என்று இருந்த ஒரே பொருள் மூன்று வருடமாகத் தோசைக்கல் துடைத்துக்கொண்டிருந்தது. இதில் கூத்து என்னவென்றால், அந்த நேரத்தில் நான் போட்டிருந்தது சிகாகோ புல்ஸ் ஜெர்சி, எண் 23. பாண்டி பஜார் நடைபாதையில் பேரம் பேசி 250 ரூபாய்க்கு வாங்கியது. 'சிகாகோ'வில் இரண்டு எழுத்துகள் இடம் மாறி அச்சாகியிருக்கும். அதைக் கையால் அலசி, நிழலில் காயப்போட்டு, மடித்து வைக்கிறேன்.

பார்த்திராத ஊரின் போலி ஜெர்சிக்கு பீரோவில் இடம், சொந்த மாமாவின் உண்மையான பனியனுக்கு அடுப்படி. இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை, தமிழ்நாட்டுக் கூடைப்பந்தின் கதையே இதுதான் என்பது என் கட்சி.

முதலில் புல்ஸ் கதை. 1966-ல் தொடங்கிய அணி. 1991 முதல் 93 வரை மூன்று கோப்பை, 1996 முதல் 98 வரை இன்னொரு மூன்று. 1995-96 பருவத்தில் 82 ஆட்டங்களில் 72 வெற்றி. இதெல்லாம் விசிறிகளுக்கு மனப்பாடம். ஆனால் அந்த அணியின் துணிமணிகளுக்கே தனியாக ஒரு வரலாறு இருக்கிறது.

1990 பிப்ரவரி 14, ஆர்லாண்டோ. ஆட்டத்துக்கு முன்னால் உடைமாற்றும் அறையில் மைக்கேல் ஜோர்டானின் 23-ஆம் எண் ஜெர்சியை யாரோ சுட்டுவிட்டார்கள். வேறு வழியில்லாமல் பெயரே இல்லாத 12-ஆம் எண் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு ஆடினார். 49 புள்ளி எடுத்தும் அணி தோற்றது. பிறகு ஓய்வு பெற்று, 1995-ல் திரும்பி வந்தபோது 45. கொஞ்ச நாளில் மறுபடியும் 23. இந்த மூன்று எண்களுக்கும் பின்னால் இப்படி ஒரு கதை இருப்பதால்தான் சேகரிப்பவர்கள் அதற்கு அலைகிறார்கள்.

2022 செப்டம்பரில் சோத்பீஸ் ஏலத்தில், 1998 இறுதிப் போட்டித் தொடரின் முதல் ஆட்டத்தில் ஜோர்டான் போட்டிருந்த ஜெர்சி சுமார் 1 கோடியே 1 லட்சம் டாலருக்குப் போனது. அன்றைய கணக்கில் நம்ம காசுக்குச் சுமார் 80 கோடி ரூபாய்! ஒரு விஷயம் கவனியுங்கள். யூட்டா ஜாஸ் அணியுடனான அந்த ஆட்டத்தில் புல்ஸ் தோற்றது. கூடுதல் நேரத்தில், 88-85. தோற்ற ஆட்டத்தின் ஜெர்சிதான் 80 கோடி.

அப்படியானால் விலை வெற்றிக்கு மட்டும் இல்லை. "இந்தத் துணி, இந்த நாள், இந்த ஆட்டம், இந்த ஆள்" என்று சந்தேகம் இல்லாமல் சொல்ல முடிவதும் அதில் இருக்கிறது. அதற்கு அவர்கள் செய்யும் வேலையைக் கேட்டால் தலை சுற்றும். ஆட்டத்தில் எடுத்த புகைப்படத்தையும் துணியையும் பக்கத்தில் வைத்து, எண் தைத்த இடம், தையல் கோணம், துணியில் உள்ள சின்னச் சின்னத் துளைகளின் வரிசை எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார்கள். ஒத்துப்போனால் அது பொக்கிஷம். போகாவிட்டால் பழைய துணி.

இனி நம்ம ஊர். "நமக்கு ஏதுப்பா கூடைப்பந்து வரலாறு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில்தான் ஜேம்ஸ் நைஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். 13 விதிகள், தட்டச்சு செய்த இரண்டு தாள்கள், அவ்வளவுதான். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக், சென்னைக்கு வந்து 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கிறதே, அதேதான். ஆசியாவிலேயே அந்த வகையில் முதல் கல்லூரி. ஆட்டம் பிறந்த வீட்டிலிருந்து நேராக நம் வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறார்! அந்த இரண்டு தாள்கள் 2010-ல் 43 லட்சம் டாலருக்கு ஏலம் போயின. இப்போது கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் கண்ணாடிக்குள் பத்திரமாக இருக்கின்றன.

தொழில்முறை அணி என்று பார்த்தால், 2015-ல் யு.பி.ஏ. என்ற லீக் வந்தது (அரசியல் கூட்டணி இல்லை, இது கூடைப்பந்து). அதில் எட்டு அணிகள். அதில் ஒன்று நம்ம 'சென்னை ஸ்லாம்'. நான்கு பருவம் ஓடி, 2017-ஓடு லீக்கே நின்றுபோனது. பிறகு 2022-ல் ஐ.என்.பி.எல். வந்தது. அதில் 'சென்னை ஹீட்'. 2023 ஜனவரியில் முதல் பட்டமே சென்னைக்குத்தான்.

என் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். லேக்கர்ஸ் ஜெர்சி வைத்திருப்பவர்கள் ஆறு பேர். புல்ஸ் நாலு பேர் (என்னையும் சேர்த்து). ஸ்லாம், ஹீட்? பூஜ்யம். ஸ்லாம் என்று ஒரு அணி இருந்ததே பாதிப் பேருக்குத் தெரியாது.

காரணம் எனக்குத் தெரிந்து இரண்டு. ஒன்று, சொந்த மைதானம் இல்லாதது. ஐ.என்.பி.எல். முதல் பருவத்தைக் கொச்சி, ஜெய்ப்பூர், புனே என்று சுற்றுச் சுற்றாக நடத்தினார்கள். சென்னை என்று பெயர் இருக்கிறது, சென்னைக்காரன் டிக்கெட் எடுத்து உள்ளே போய்க் கத்த வழியில்லை. கத்தாதவன் ஜெர்சி வாங்க மாட்டான். சென்னை சூப்பர் கிங்ஸைப் பாருங்கள். 2016, 17 இரண்டு வருடமும் தடை. அணியே இல்லை. ஆனாலும் மஞ்சள் சட்டையை யாரும் தூக்கிப் போடவில்லை. 2018-ல் பீரோவிலிருந்து அப்படியே வெளியே வந்தது. ஏனென்றால் சேப்பாக்கம் என்று ஒரு இடம் இருந்தது, அந்தச் சட்டையோடு ஒரு நினைவும் இருந்தது.

இரண்டாவது காரணம், நம் கூடைப்பந்து வெகுகாலமாக வாழ்ந்தது வங்கியிலும் ரயில்வேயிலும். ஐ.ஓ.பி., இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே என்று வேலை கொடுத்து ஆட வைத்த நிறுவனங்கள் இல்லையென்றால் இங்கே ஆட்டமே இல்லை. அதற்குக் கோடி கும்பிடு. ஆனால் ஒரு வங்கி அணியின் ஜெர்சியை ரசிகன் எங்கே போய் வாங்குவான்? அது அலுவலகச் சீருடை மாதிரி. ஆட்டக்காரர் ஓய்வு பெற்றால் துணியும் அவரோடு வீட்டுக்குப் போய்விடும்.

அனிதா பால்துரையை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைக்காரர், தெற்கு ரயில்வே, இந்தியப் பெண்கள் அணியின் தலைவராக இருந்தவர், 2021-ல் பத்மஸ்ரீ. 2009-ல் ஆசியப் பெண்கள் கூடைப்பந்துப் போட்டி நடந்ததே நம் சென்னையில்தான். அந்தப் போட்டியின் ஒரு ஜெர்சி, ஒரு பந்து, ஒரு ஸ்கோர் தாள், எதையாவது கண்ணாடிப் பெட்டிக்குள் நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

"அடப்போப்பா, பழைய பொருள் சேர்ப்பது பணக்காரப் பைத்தியம்" என்றான் நண்பன் ஒருவன். பாதி ஒத்துக்கொள்கிறேன். 80 கோடிக்குத் துணி வாங்குவது எனக்கும் பைத்தியமாகத்தான் தெரிகிறது. விலை ஏறும் என்று வாங்கிப் பூட்டி வைப்பவர்களும் போலிக் கையெழுத்து விற்பவர்களும் அந்தச் சந்தையில் நிறைய. எனக்கு அந்த விலை வேண்டாம். விலைக்குப் பின்னால் இருக்கும் பழக்கம் வேண்டும். யார், எப்போது, எங்கே என்று குறித்து வைக்கும் பழக்கம். அதற்கு 80 கோடி தேவையில்லை, ஒரு பேனா போதும்.

என் யோசனைகள் (இலவசம்தான்):

1. நீங்கள் எந்த அணிக்கு ஆடினாலும் சரி, காலேஜ் அணியோ தெரு அணியோ, ஒரு ஜெர்சியை எடுத்து வையுங்கள். தேதி, எதிரணி, ஊர், ஸ்கோர் எல்லாம் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். அதைப் போட்டுக்கொண்டு ஒரு போட்டோவும்.

2. ஸ்கோர் தாளை விடாதீர்கள். யார் எத்தனையாவது புள்ளியை எடுத்தார், யாருக்கு எத்தனை ஃபவுல் என்று மொத்த ஆட்டமும் அதில் இருக்கிறது. முறைப்படி இரண்டு அணிக்கும் நகல் உண்டு. பெரும்பாலும் அது பெஞ்சுக்கு அடியில் கிடக்கும்.

3. நம் பக்கம் கடல் காற்று. ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். நன்றாக உலர்த்தி, பருத்தித் துணியில் சுற்றி, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

4. சென்னை பெயரில் அணி நடத்துகிறவர்கள் சென்னையில் ஆட்டம் வையுங்கள், வாசலில் ஜெர்சி விற்றுப் பாருங்கள். நேரு உள்விளையாட்டு அரங்கில் ஒரே ஒரு கண்ணாடி அலமாரி வையுங்கள். ஸ்லாம் முதல் ஹீட் வரை, வங்கி அணிகள் முதல் அனிதா வரை. பத்துக்குப் பத்து இடம் போதும்.

சரி, மாமா பனியனுக்கு வருகிறேன். துவைத்துக் காயவைத்து அவரிடமே கொண்டுபோனேன். பார்த்துச் சிரித்தார்.

"அக்கா துடைச்சா துடைக்கட்டும் விடுடா. ஆடுனது நானா, பனியனா?"

சொல்லிவிட்டு, கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். அப்புறம் தானாகவே ஆரம்பித்தார். காஞ்சிபுரத்தில் மண் தரை மைதானம், கடைசி நிமிடம், இவர் கையில் பந்து, ஒரு புள்ளியில் தோற்றது, அழுதுகொண்டே பஸ்ஸில் வந்தது. இத்தனை வருடத்தில் எங்கள் யாரிடமும் சொல்லாத கதை.

"எந்த வருஷம் மாமா?"

"தொண்ணூத்தி நாலுடா... இல்ல, தொண்ணூத்தி ஆறா? உங்க பாட்டி இருந்தா கரெக்டா சொல்லியிருப்பாங்க."

பாட்டி இல்லை. போட்டோ இல்லை. ஸ்கோர் தாள் எங்கே போனதோ. பனியனோடு வைக்க நான் எழுதிய தாளில் இப்படித்தான் இருக்கிறது: 'எண் 11. காஞ்சிபுரம். ஒரு புள்ளியில் தோல்வி. 1994 அல்லது 1996.'

அந்த 'அல்லது'தான் உறுத்துகிறது.

உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது இருந்தால் இன்றைக்கே போய்க் கேளுங்கள். சமையலறையிலிருந்து தேட ஆரம்பிக்கலாம் :-)